ஏற்காடு ஏறாத கார்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கார் நின்றுவிட்டது. மறுபடியும்.

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரை கிடையாது. எஸ்டேட்காரர் ஒருவருடையது. சேலத்தில் தாவூத் பாய் பட்டறைக்குத் துருவாக வந்தது. பாயின் சீடன் வடமலை அதைப் புதிதாக்கினான். அங்கேதான் வம்பு.

சீடன் என்றால் சின்னப் பையன் இல்லை. மீசை நரைத்தவன். தனிப் பட்டறை போட உத்தரவு கேட்டிருந்தான்.

"இதை ஏற்காடு ஏத்திட்டு வந்து கேளு" என்றார் பாய்.

ஏறினால்தானே. வளைவில் நிற்கும். ஒரு பீடி குடிக்கிற நேரம் விட்டால் தானாகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

"பெட்ரோல் பம்ப்பை மாத்திட்டேன், பாய். எலக்ட்ரிக் பம்ப்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. கார்புரேட்டர் ரெண்டும் புதுசு. இக்னிஷன்கூட எலக்ட்ரானிக்."

"நின்னுச்சா?"

"ம். அடுத்து எதை மாத்தலாம், பாய்?"

"என்னை மாத்து."

பாய் எழுந்து வந்தார். கிரீஸ் கையால் அவன் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினார். வடமலை திமிறினான். விடவில்லை. கண் பிதுங்கின பிறகுதான் விட்டார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, பாய்."

போய் ஏர் ஃபில்டரை மாற்றினான்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது அவர் ஏற்றின கார் ஆகிவிடும்.

மறுநாள் வடமலை மலையிலிருந்து ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பினான்.

"ஏறிடுச்சு, பாய். எங்கயும் நிக்கல."

பாய் காரைச் சுற்றி வந்தார். பெட்ரோல் டேங்க் வாயில் கந்தைத் துணி செருகியிருந்தது.

"மூடி எங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பளபளவென்று க்ரோம் மூடி.

"இது நீ போட்டதா?"

"ஆமா. பழைய மூடி அசிங்கமா இருந்துது. அதுல ஊசி நுழையற அளவுக்கு ஓட்டை வேற. இது நல்ல இறுக்கம், பாய். காத்துகூட உள்ள…"

நிறுத்தினான்.

மூடியைப் பார்த்தான். டேங்க்கைப் பார்த்தான்.

"காத்து உள்ள போனாத்தான பெட்ரோல் வெளிய வரும்" என்றான், மெதுவாக.

பாய் பீடி பற்றவைத்தார். டேங்க்கை விட்டுத் தள்ளிப் போய்த்தான்.

வடமலை பின்னாலேயே போனான். "கார் ஏறிடுச்சு. நான் தனியாப் போலாமா, பாய்?"

"ஏத்தினது யாரு?"

வடமலை தரையைப் பார்த்தான். பொய் சொல்ல நேரம் இருந்தது. பாய் அவசரப்படுத்தவில்லை.

"அடிவாரத்துப் பங்க்குல ஒரு பொண்ணு பெட்ரோல் போட்டுச்சு, பாய். மூடியைத் திரும்ப வைக்க மறந்துடுச்சு. மேல போய்த்தான் பாத்தேன், துணியைச் செருகிட்டு, இறங்கும்போது மூடியை வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன்."

"அப்ப ஏத்தினது அந்தப் பொண்ணு. பேரு?"

"மேகலா."