தென்சுவர்ப் பல்லி

மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் பாடம் கேட்க வந்து அவருடைய மடத்திலேயே தங்கிவிட்ட அணைஞ்சபெருமாளுக்கு ஐம்பத்தாறு. வயதில் மூத்தவர் என்பதால் அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை தூத்துக்குடியிலிருந்து ஆள் வந்திருந்தது. அணைஞ்சபெருமாளின் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பிழைப்பது சந்தேகம், அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறார். இவ்வளவுதான் செய்தி. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

மத்தியானம் அம்மா கூடத்துக்கு வந்தபோது அணைஞ்சபெருமாள் பையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கிளம்பவில்லையா என்று அம்மா கேட்டார். மூன்று முறை பையை எடுத்ததாகவும், மூன்று முறையும் தென்சுவரில் பல்லி சொன்னதாகவும், இன்றைக்கு அந்தத் திசைக்குப் பலன் சரியில்லை என்றும் அவர் சொன்னார். அதற்குள் இரண்டு பஸ் போயிருந்தது.

"பல்லி எங்க இருக்கு?"

"அந்தப் படத்துக்குப் பின்னால, அம்மா."

"படத்தை இறக்குங்க, அண்ணாச்சி."

அவர் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். படம் இருந்த இடத்தில் ஒரு பல்லி சுவரோடு சுவராக அசையாமல் கிடந்தது. ஒரு முழம் தள்ளி, டியூப்லைட்டுக்குக் கீழே, வால் அறுந்து பாதி முளைத்த இன்னொரு பல்லி. கொஞ்ச நேரம் கழித்து மொட்டைவால் மெல்ல முன்னால் வந்தது. முதல் பல்லி நாலு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டு சொன்னது. மொட்டைவால் நின்றது. மறுபடி நகர்ந்தது. முதல் பல்லி மறுபடி சொன்னது. மூன்றாம் தடவை பாய்ந்தே போனது. மொட்டைவால் டியூப்லைட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது.

அணைஞ்சபெருமாள் ஸ்டூலிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இது எனக்குச் சொல்லலியா?"

"என் சுவருக்கு நீ வராதேங்குது. வேறென்ன?" என்றார் அம்மா. பிறகு கேட்டார். "நீங்களும் தம்பியும் எதனால பேசுறதில்ல?"

அவர் படத்தின் தூசியைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"வீட்டைப் பாகம் பிரிச்சப்போ நடுவுல ஒரு சுவர். ஒன்பது அங்குலம். அவன் ஆணி அடிச்சான். நான் பிடுங்கினேன். கோர்ட் வரைக்கும் போச்சு."

"பரவாயில்ல. இதுக ரெண்டும் கோர்ட்டுக்குப் போகல."

அணைஞ்சபெருமாள் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. இறங்கி, படத்தைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் பல்லி சொன்னது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வாசல்படியில் நின்றுவிட்டார்.

"அம்மா, பல்லிக்கா நான் பயந்தேன்? நான் போய் நிக்கும்போது அவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா?"

"திருப்பட்டும், அண்ணாச்சி. திருப்புறதுக்கு அவருக்குத் தெம்பு இருக்கும்போதே போய்ச் சேருங்க."