பின்பக்கத்துப் புல்லாங்குழல்

திரையிசை ரசிகர் மன்றத்தில் இசைத்தட்டுகளைத் துடைத்து அடுக்குபவள் செண்பகவல்லி. கூட்டத்தில் விமர்சிப்பதற்காகத் தலைவர் நமச்சிவாயம் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த தட்டில் ஒரு விரல்ரேகைகூட இல்லை. மனுஷன் கேட்டாரா, கேட்காமலேயே பேசப் போகிறாரா? அவளுக்கு அப்போதே சந்தேகம்.

அன்றைய கூட்டத்தில் தலைவர் முழங்கினார்: “முன்பக்கம் அமிர்தம். பின்பக்கத்தில் புல்லாங்குழல் பிசகுகிறது!”

“எந்த இடத்துலேங்க ஐயா?”

“தூசி தட்டுறவளுக்குக் கேள்வி வேறயா? பிசகுற இடத்துல நீயே கிராமபோன் முள்ளை வை பார்ப்போம். முடியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“என்னால ஆகாதுங்க. நீங்களே வச்சுக் காட்டுங்க” என்று தட்டை நீட்டினாள்.

தலைவர் திருப்பினார். அது ஒரு பக்கம் மட்டுமே பதிந்த தட்டு. மறுபக்கம் ஒரு கோடுகூட இல்லாத வழவழப்பு. அந்தக் கருப்பில் அவர் முகம்தான் தெரிந்தது.

“பிசகு தெரியுதுங்களா ஐயா?”

மறுநாள் செண்பகவல்லி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். தலைவர்தான் வரவில்லை.