விசிலைப் பொறுக்காத மைதானம்

ஒரு பெண்கள் கல்லூரியில் கால்பந்து மைதானம் ஒன்று இருந்தது. அங்கே பயிற்சியாளர் தேவசகாயத்தின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதைக் கண்டாலே மைதானத்துக்கு வயிறு எரியும்.

ஜூன் மாதம் பள்ளி முடித்த ஆட்டக்காரிகள் கல்லூரி பார்க்க வருவார்கள். மண்ணை ஒருத்தியும் குனிந்து பார்ப்பதில்லை. "தேவசகாயம் சார்கிட்டதான் விளையாடணும்" என்று சொல்லிச் சேர்ந்துவிடுவார்கள்.

"விழுவது என்மேல். பேர் வாங்குவது நீயா?" என்று கேட்டது மைதானம்.

"உன்னை மாதிரி மண் எல்லா ஊரிலும் கிடக்கிறது. நான் கூப்பிட்டால்தான் வருவார்கள்" என்றது விசில்.

'நீ தொலைந்தால்தான் எனக்கு நிம்மதி' என்று மைதானம் கறுவிக்கொண்டது.

அந்த ஆண்டு அப்படியே நடந்தது. பெரிய கல்லூரி ஒன்று அழைக்க, தேவசகாயம் கிளம்பிவிட்டார். விசிலும் அவர் சட்டைப்பையில் ஏறிப் போனது. மைதானத்துக்கு மனம் குளிர்ந்தது. இனி எல்லோரும் தன்னைப் பார்த்துத்தான் வருவார்கள்!

வந்தார்கள். "கோச் யாரு?" என்று கேட்டார்கள். "இன்னும் போடல" என்றார் காவலாளி. வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

கோல்கீப்பர் ஜெனிலாவால் மட்டும் திரும்ப முடியவில்லை. தேவசகாயத்தின் பேச்சை நம்பி, வேறு இரண்டு கல்லூரிகளை வேண்டாமென்று சொல்லிவிட்டு, முன்பே சேர்ந்திருந்தாள். கோல்கம்பத்தடியில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தாள்.

"சார், நீங்க இருப்பீங்கன்னுதானே வந்தேன்?"

"என்னம்மா செய்ய... இங்க கீப்பர் இடம் நிரம்பிடுச்சு. புது சார் வருவாரு, நல்லா ஆடு."

அவள் அழுதாள். கண்ணீர் விழுந்த இடம் மைதானத்துக்குச் சுட்டது.

"நான் இருக்கிறேனே, பெண்ணே."

"நீ இருந்து? எனக்குப் பந்து அடிச்சுத் தருவியா?"

அப்போது ஒரு பந்து உருண்டு வந்தது. பின்னால் மூன்றாமாண்டு மாணவி ரெக்ஸி நின்றிருந்தாள்.

"எனக்குந்தான் கோச் போயிட்டாரு. எந்திரி. நான் அடிக்கிறேன், நீ பிடி."

அன்றிலிருந்து மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு தினமும் ஆடினார்கள். புதுப் பயிற்சியாளர் வந்தார். மறு ஆண்டே அவரும் போனார். இன்னொருவர் வந்தார்.

அந்த ஜூனில் கல்லூரி பார்க்க வந்த பெண்களும், "கோச் எப்படிக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

"நல்லவருதான். அடுத்த வருஷம் இருப்பாரான்னு தெரியாது" என்றாள் ஜெனிலா. "எங்களோட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

ஆடினார்கள். "அந்த கீப்பர் அக்காகூட விளையாடணும்" என்று சொல்லிச் சேர்ந்தார்கள்.

இந்த முறையும் மண்ணை யாரும் பார்க்கவில்லை. மைதானத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால், அவள் போய்விட வேண்டும் என்று மட்டும் அது நினைக்கவில்லை.