நாலே நாளில் ஒரு வீடியோ

கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் குழந்தைவேலுவுக்கு, தன் கம்பெனியைப் பற்றி ஒரு வீடியோ நாலே நாளில் வேண்டுமாம். ஆர்டர் கைவிட்டுப் போனால் உன் வேலையும் போச்சு என்று சொல்லித்தான், ஸ்டுடியோ முதலாளி புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவை அவரிடம் அனுப்பினார்.

"முடியுமா, முடியாதா அம்மணி?" மேனேஜர்கள் எதிரில் மேசையைத் தட்டினார் குழந்தைவேலு.

"முடியுங்க சார். ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு நாள், ஷூட்டிங் ஒரு நாள், எடிட்டிங் ரெண்டு நாள். நடுவுல நீங்க பார்த்துச் சரி சொல்ல எத்தன நாளாகும்னு மட்டும் இதுல எழுதிக் குடுங்க." அந்த நாலு நாளையும் எழுதியிருந்த தாளை நீட்டினாள் ஜெசிந்தா.

அவர் பேனாவைத் திறந்து, சொல்லிக்கொண்டே எழுதினார். "எங்கண்ணன் பார்க்கோணும், பழனிக்குப் போயிருக்காரு, அஞ்சு நாள். மச்சானுக்கும் அவருக்கும் பேச்சில்ல, தனியாக் காட்டோணும், நாலு நாள். ஷூட்டிங்குக்கு ஜோசியர் நாள் குறிக்கோணும், ஆறு நாள்."

ஒரு மேனேஜர் கூட்டிப் பார்த்து, "மொத்தம் பத்தொம்பதுங்க" என்றார்.

"எதுக்கு இத்தன நாளு?" என்று சீறினார் குழந்தைவேலு.

"எங்களுக்கு நாலுதாங்க சார். மீதி பதினஞ்சும் நீங்க எழுதினது."

மேனேஜர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குழந்தைவேலு பத்தொன்பதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். "அண்ணன் கேட்டா, ஸ்டுடியோக்காரங்கதான் லேட்டுன்னு சொல்லிக்கறேன்."

"தாராளமாச் சொல்லுங்க சார். அதுக்கு நாளே ஆகாது."