வெறும் இலைப் பந்தி

முருகன் அருளால் எல்லாருக்கும் வேளாவேளைக்குச் சோறு கிடைக்கட்டும். கிடைக்காமல் போன ஒரு மத்தியானத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

முல்லைக்கோட்டை அரண்மனையில் வெண்காடர் என்று ஒரு விகடர் இருந்தார். ராசா பூபாலராயரைச் சிரிக்க வைப்பது அவர் வேலை. ராசாவுக்குச் சிரிப்பு வராத நாளிலும் அவருக்குச் சாப்பாடு உண்டு. பெரிய புத்திசாலி என்று ஊர் சொன்னது. அதை முதலில் நம்பியவர் அவர்தான்.

ஒரு நாள் காலையில் கோட்டை வாசலில் சடைச்சி அவரை மறித்தாள். மண் சுமக்கிறவள். புருஷன் இல்லை. மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"சாமி, நீங்க வாயால பிழைக்கிறவர். எனக்காக அதை ஒருதரம் திறக்கக் கூடாதா?"

"ஏம்மா, புகழ்கிறாயா, திட்டுகிறாயா?"

"ரெண்டுக்கும் தெம்பு இல்லை சாமி."

விஷயம் இதுதான். ராசாவிடம் இருந்தது மூன்று யானை. மந்திரி அச்சுதப்பர் கட்டிக்கொண்டிருந்ததோ நூறு யானைக்குக் கொட்டில். எட்டு வருஷமாகக் கட்டுகிறார். தெற்குச் சுவரை மட்டும் மூன்று தடவை இடித்துக் கட்டியாகிவிட்டது. மண் சுமக்கிறவர்கள் விடிந்ததும் வாசலில் வந்து நிற்க வேண்டும். கூப்பிட்டால் கூலி. கூப்பிடாவிட்டால் பொழுது சாயும்வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். அந்த மாதம் சடைச்சியைக் கூப்பிட்டது நாலே நாள்.

"வேலை இல்லாதவங்களுக்கு அரிசி போடுற தருமச்சாலைக்குப் போனேன் சாமி. 'உன் பேர் மந்திரியோட ஏட்டுல இருக்கு, நீ வேலையில இருக்கிறவ'ன்னு அனுப்பிட்டாங்க. சரி, பேரை அடிச்சிடுங்கன்னு மந்திரிகிட்ட கேட்டேன். 'தாராளமா அடிக்கிறேன். ஆனா தானா வேலையை விட்டவளுக்கு மூணு மாசம் தருமச்சாலை அரிசி கிடையாது'ங்கறார். பிள்ளை பெறப் போறவளுக்கு நான் எதைப் பொங்கிப் போட?"

வெண்காடருக்குச் சுருக்கென்றது. அவரும் தினம் சபையில் நிற்கிறவர்தான். பாதி நாள் அவரையும் யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் அவர் நிற்பது நிழலில். அவருக்கு நெய்ச்சோறு.

"கவலையை விடு. மத்தியானத்துக்குள் ராசா காதில் ஏற்றிவிடுகிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே மடைப்பள்ளிக்குப் போனார்.

"கிட்டப்பரே, இன்றைக்கு நான் தலையாட்டும்வரை பந்திக்கு ஒரு பருக்கை வரக் கூடாது."

சமையல்காரர் கிட்டப்பர் கரண்டியைக் கீழே வைத்தார். "ராசா என் தலையை வாங்கிட்டா?"

"என் தலையைக் கொடுத்துவிடுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, தூக்குவது சுலபம்."

மத்தியானம் ராசா, மந்திரி, வெண்காடர் எல்லாரும் உட்காரப் பந்தி கூடியது. ராசா எழுந்திருக்காமல் வேறு யாரும் எழக் கூடாது என்பது அங்கே வழக்கம். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். சோறு வரவில்லை.

"எங்கே சாப்பாடு?" என்றார் ராசா.

"நம் எல்லார் பேரும் பந்தி ஏட்டில் இருக்கிறது, ராசா. கூப்பிட்டதும் வரும்" என்றார் வெண்காடர்.

"அதுவரைக்கும் அந்தப்புரத்தில் போய்ச் சாப்பிடட்டுமா?"

"அங்கே போனால், 'உங்கள் பேர் பெரிய பந்தியில் இருக்கிறது' என்பார்கள். தானாக எழுந்தவருக்கு மூன்று மாதம் எந்தப் பந்தியிலும் இலை கிடையாது."

ஏதோ விளையாட்டு என்று ராசாவுக்குப் புரிந்தது. "சரி, உட்காருவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இங்கேதான் நம் புத்திசாலி கோட்டைவிட்டார். ராசா ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கிடந்து பழகியவர். வெண்காடரோ அரண்மனை அதிரசத்துக்கு இடம் வேண்டுமென்று காலைப் பழையதைக்கூடத் தொடாமல் வந்தவர். ஒரு நாழிகை போயிற்று. ராசா சிலைபோல் இருந்தார். வெண்காடர் வயிறு பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி இரைந்தது.

"யானை பிளிறியதோ?" என்றார் ராசா.

"நாலாவது யானை, ராசா. இதற்கும் கொட்டில் கட்டச் சொல்லிவிடாதீர்கள்."

இன்னொரு நாழிகை. சடைச்சியாவது மகளாவது, தலையை ஆட்டிவிடு என்றது வயிறு. 'முருகா, இந்தக் கழுத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்' என்று வேண்டினார் வெண்காடர்.

முருகன் கழுத்தைப் பிடித்தாரோ என்னவோ, அச்சுதப்பருக்கு வாயைத் திறந்துவிட்டார். மந்திரி இலையில் ஓங்கி அடித்தார்.

"இதென்ன அக்கிரமம்! சோறு உண்டென்றால் போடு. இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பு, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். இப்படி இரண்டுங்கெட்டானாக உட்கார வைத்தால் மனுஷன் என்னதான் செய்வான்?"

வெண்காடர் கைகூப்பினார். "ராசா, ஒரு மனுவை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். மந்திரியே சொல்லிவிட்டார். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். கீழே சடைச்சி என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்."

சடைச்சியின் கதையை வெண்காடர் சொன்னதும் ராசா அச்சுதப்பரைப் பார்த்தார். அச்சுதப்பர் இலையைப் பார்த்தார்.

"கொட்டில் போதும். அந்த மண்ணை ஏரிக்கரைக்குக் கொண்டுபோங்கள். வேலை இல்லாத நாளில் விடிந்ததும் சொல்லி அனுப்பிவிட வேண்டும். அன்றைக்குத் தருமச்சாலை அரிசி போட வேண்டும், ஏட்டில் பேர் இருந்தாலும்" என்றார் ராசா.

வெண்காடர் தலையை ஆட்டினார். பலமாக ஆட்டினார். சோறு வரவில்லை. கிட்டப்பர்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"பந்திக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு சொன்னீங்க. வேற எங்கயும் போடக் கூடாதுன்னு சொல்லலை. எல்லாம் ஆறிப்போச்சு. வாசல்ல முப்பது பேர் நின்னாங்க. போட்டுட்டேன்."

ராசா கண்ணில் நீர் வரச் சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டார்.

"ராசா, இதைக் கடிக்க முடியாதே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார் வெண்காடர்.

வாசலில் சடைச்சி இலையை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகளுக்காக ஒரு சட்டி நிறையச் சோறு. விஷயத்தைக் கேட்டு அவர் காலில் விழுந்து எழுந்தாள். பிறகு சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உள்ளே நீங்களும் சாப்பிட்டிருப்பீங்களே சாமி. பாயசத்துல ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இல்லை?"