ஏழாம் நம்பர் மிஷினின் மரண வாக்குமூலம்

சென்னியப்பன் பெருமையடிக்க வாயைத் திறந்தால் கோவை பீளமேடு முழுக்கக் கரண்டு போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது அதிகப்படி. லைட் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவன் செய்ய வேண்டியிருந்த வேலை ஒன்றே ஒன்று. கேன்டீன் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவது. அதைச் செய்திருந்தால் வருகிற புதன்கிழமை கோபிச்செட்டிப்பாளையத்தில், மாமனார் வீட்டில், தலைத் தீபாவளி மாப்பிள்ளையாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். கல்யாணமாகி ஐந்து மாதம். மச்சினன் சரவெடி வாங்கி வைத்தாயிற்று. லீவு லெட்டரில் கையெழுத்தும் ஆயிற்று.

நடந்தது இதுதான். நூற்பாலைகளுக்கு சர்வர் ஓட்டித் தருகிற கம்பெனி அது. காலை ஒன்பது நாற்பதுக்கு ஏழாம் நம்பர் மிஷின், அதாவது ஏழாவது சர்வர், ஓட்டம் நின்று பொத்தென்று விழுந்தது. மிஷினுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேய்க்கிற கெர்னல் அப்படி விழும்போது, ஓரமாக ஒதுக்கி வைத்த மெமரியிலிருந்து ஒரு குட்டிக் கெர்னல் எழுந்து வரும். பெரியது சாகிற நேரத்தில் மனசில் என்னென்ன வைத்திருந்தது என்று டிஸ்க்கில் எழுதி வைக்கும். ஊரில் அதற்கு கிராஷ் டம்ப் என்று பெயர். இந்த ஆபீஸில் மரண வாக்குமூலம். அதைப் படித்தால்தான் விழுந்த காரணம் தெரியும்.

படிப்பதற்குள் மிஷின் இன்னொரு தடவை விழுந்தது. இரண்டாவது வாக்குமூலம், முதலாவதை அழித்துவிட்டு அதன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கும்போதே விழுந்ததால் அதில் உருப்படியாக ஒரு வரி கிடையாது. மூன்று வாக்குமூலம் வரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்த டிஸ்க் அது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரோ போன வாரம் மூன்றை ஒன்றாக்கியிருந்தார்கள். எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைகிற ஆபீஸ் என்பதால் யாரென்று தெரியவில்லை. ஆனால் சட்டம் எல்லாருக்கும் தெரியும்: வாக்குமூலத்தைத் தொலைத்தவருக்கு அடுத்த பண்டிகை டூட்டி.

சென்னியப்பன் தொலைக்கவில்லை. போன வாரம் முழுக்க அவன் லீவில் பழனிக்குப் போயிருந்தான். இவ்வளவு சுத்தமாக ஒரு மனிதன் தப்பித்ததே இல்லை.

பெஞ்சில் அவனுக்கு எதிரே இரண்டு பேர். ஒருத்தி தாஹிரா. பதினோரு வருஷமாகக் கெர்னல் விழுவதைப் பார்த்துப் பார்த்து, எது விழுந்தாலும் புருவம்கூட அசையாத அக்கா. இன்னொருவன் நாகர்கோவில் ஜெபராஜ். அன்றைக்கு அவன் டீயைக் குடிக்காமல் கிளாஸையே சுற்றிக்கொண்டிருந்தான்.

"கிராஷ் டம்புக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கறது, எவ்வளவு டிஸ்க் விடறதுங்கறது சாதாரண விஷயமில்ல," என்றாள் தாஹிரா, பொதுவாக, காற்றைப் பார்த்து. "அதெல்லாம் எல்லாருக்கும் வராது."

"எனக்கு வருமுங்க்கா," என்றான் சென்னியப்பன்.

வாய் திறந்துவிட்டது. இனி அதை மூட மிலிட்டரிதான் வர வேண்டும்.

"திருப்பூர்ல நான் இருந்தப்பங்க, அவனவன் குட்டிக் கெர்னலுக்குன்னு மெமரிய ஏக்கர் கணக்குல ஒதுக்குவான். நான் ஒதுக்குனது கடுகத்தண்டி. அதுக்குள்ள குட்டிக் கெர்னலுக்கு ரெண்டு காலையும் ஊனி நிக்க எடமில்லீங்க. ஒத்தக் கால்ல நின்னுட்டே எழுதுச்சு."

"உட்காரச் சொல்லியிருக்கலாமே."

"உக்காந்தா எட்டு எம்பி சேத்தி வேணுமுங்க்கா. எதுக்கு வீணா."

தாஹிரா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பி அவன் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"மெமரிய விடுங்க. டம்பு சைசு ஐநூறு ஜிபி. டிஸ்க்குல எடம் இருக்கறதோ நாலு ஜிபி. மத்தவனா இருந்தா டிஸ்க்கு வாங்கோணும்னு லெட்டரு எழுதியிருப்பான். நான் மொதல்ல வெத்துப் பக்கத்த எல்லாம் உருவுனேன். பாதியாச்சு. சொன்னதையே திருப்பிச் சொல்ற பக்கத்த எல்லாம் உருவுனேன்."

"நல்லவேளை அந்தக் கெர்னல் உன்னை மாதிரி பேசல்ல மக்கா," என்றான் ஜெபராஜ். "பேசிருந்தா அட்டை மட்டும்லா மிஞ்சிருக்கும்."

"குறுக்க பேசாத ஜெபா. அப்பறம் அமுத்துனனுங்க்கா. அமுத்தி அமுத்தி ஒரு ஜிபி ஆச்சு. இன்னும் அமுத்துனேன். டிஸ்க்கு கனம் தாங்காம ரேக்கு ஒரு பக்கமா சாஞ்சுருச்சு, கீழ செங்கல் வெச்சோம். கடைசில அந்த ஐநூறு ஜிபியும் ஒரே எழுத்தா வந்து நின்னுச்சு."

"ஒரு எழுத்தா. அதைப் படிச்சு காரணம் கண்டுபிடிச்சீங்களா?" என்றாள் தாஹிரா.

"படிக்கறதா. பாத்தவொடனே அழுகாச்சி வந்துருமுங்க. அப்படியே கொண்டி சீப் எஞ்சினியர்கிட்டக் காட்டுனேன். மனுசன் ரெண்டு நாள் சோறு திங்கல."

கேன்டீன் மாஸ்டர் வடைக் கரண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் சேரச் சேர சென்னியப்பனுக்குக் குரல் ஏறியது.

"அதாச்சும் பரவால்ல. ஒரு நாள் அஞ்சு மிஷினு ஒண்ணா விழப் பாத்துச்சு. அஞ்சும் ஒரே நேரத்துல வாக்குமூலம் எழுதுனா டிஸ்க்கு தாங்குமா. வரிசைல நில்லுங்கடான்னு டோக்கன் போட்டுட்டேன். ஒண்ணு விழுந்து எழுதி முடிச்சாத்தான் அடுத்தது விழலாம். நாலாவது மிஷினு டோக்கனக் கையில வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் விழாம நின்னுச்சு பாருங்க, காத்திருந்து காத்திருந்து எதுக்கு வந்தோம்னே மறந்துபோச்சு. இன்னிக்கும் ஓடிட்டிருக்குது."

"அஞ்சாவது?" என்றார் மாஸ்டர்.

"அது கோவிச்சுட்டுப் போயிருச்சுங்க."

அப்போதுதான் மேனேஜர் ரங்கநாயகி மேடம் திறந்த லேப்டாப்பை டிபன் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். மெட்ராஸ்காரர். சுற்றி வளைக்கிற பழக்கம் கிடையாது.

"த பாருங்கப்பா, எனக்கு ஒரே கேள்வி. டம்ப் டிஸ்க்ல மூணுன்னு இருந்தத ஒண்ணுன்னு மாத்தனது யாரு? அவங்களுக்கு தீபாவளி டூட்டி. சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயினே இருப்பேன்."

சென்னியப்பன் இரண்டு உதட்டையும் ஒட்டவைத்துக்கொண்டு கோபிச்செட்டிப்பாளையத்தை நினைத்தான்.

ஜெபராஜ் மெல்ல எழுந்தான். "மேடம், அது வந்து, போன வாரம் டிஸ்க்கு நெறஞ்சு வழிஞ்சுதுன்னு, மூணை ஒண்ணாக்குனது..."

"அட, நீயா ஜெபராஜ்?" என்றாள் தாஹிரா. "தொலைஞ்சது தொலைஞ்சுபோச்சு, அது வேற. ஆனா ஒரே வரில மூணுல ரெண்டு பங்கு இடத்தை மிச்சம் பண்ணியிருக்கியே. இந்த ஆபீஸ்ல டம்பை மேய்க்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான் இருக்கான். அது நீதான்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு பாரு."

சென்னியப்பனின் காது சிவந்தது. ஒருத்தன்தானாம். நாகர்கோவில்காரனாம். ஒத்தக் காலில் கெர்னலை நிறுத்தியவன் இங்கே உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு நம்பரை மாற்றியவனுக்குப் பாராட்டாம். சரவெடியை நினைத்தான். மாமியாரின் அதிரசத்தை நினைத்தான். பெண்டாட்டி சுகுணாவின் முகத்தை நினைத்தான். நாக்கு யாரையும் நினைக்கவில்லை.

"அது நானுங்க மேடம்."

ஜெபராஜ் அடுத்த நொடி உட்கார்ந்துவிட்டான். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் உண்டு, கேட்டியளா மேடம். அதைத்தான் சொல்ல வந்தேன்," என்று ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

மேடம் சென்னியப்பனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போன வாரம் ஊர்லயே இல்லியே."

கடவுளே கயிறு போட்டுத் தூக்க வந்த மாதிரி ஒரு கேள்வி. ஆமாங்க மேடம், மறந்துட்டேன் என்று பிடித்துக்கொண்டு ஏறியிருக்கலாம்.

"பழனி மலைப் படியில நின்னுட்டுப் பண்ணுனனுங்க. நாநூறாவது படி. போன்ல டவரு கெடையாது. ஆனா ஏழாம் நம்பரு மிஷினுக்கு நான் மனசுல நெனச்சாலே போதுமுங்க. மூணு ஒண்ணாயிருச்சு. நெசத்துக்கு பூஜ்யமாக்கிப் போடலாம்னுதான் இருந்தேன். பாவம் டிஸ்க்கு, ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நம்பிட்டேன்," என்றார் மேடம், டைப் அடித்துக்கொண்டே. "புதன்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க."

அவர் போன பிறகு யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் ஒரு வடையை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனார், துக்க வீட்டில் வைப்பது போல.

மாமனாருக்குச் சொல்ல வேண்டும். மாமனார் அங்கமுத்து மஞ்சள் மண்டிக்காரர். ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுகிறவர். சென்னியப்பன் வராண்டாவுக்குப் போய்ப் போன் போட்டான். தப்பு என்னுது மாமா என்று சொல்லத்தான் நினைத்தான்.

"மாமா, இங்க ஏழாம் நம்பரு மிஷினு நெலம மோசமுங்க. என்னையத் தவர ஆரு தொட்டாலும் விழுந்துருமுங்க மாமா. நானு ஒருத்தன் தோள் குடுத்துத் தாங்கிட்டு நிக்கறேன். சித்த நகந்தன்னா ஈரோட்டுல இருந்து ராஜபாளையம் வரைக்கும் எந்த மில்லுலயும் ஒரு கதிரு சுத்தாதுங்க."

மறுமுனையில் அங்கமுத்து இறங்குகிற மஞ்சள் மூட்டையை எண்ணி முடித்துவிட்டு வந்தார்.

"தீபாவளிக்கு மில்லெல்லாம் லீவுங்களே மாப்ளே."

"மில்லுக்குத்தானுங்க மாமா லீவு. மிஷினுக்கு இல்லீங்க. புதங்கெழம பூரா நின்ன எடத்த உட்டு அசையக்கூடாதுங்க."

"அப்படிங்களா. நீங்க அசைய வேண்டாமுங்க. வேனுக்குச் சொல்லிடறேன், ஒறம்பரை சனத்தோட பதினாலு பேரு வர்றோம். மிஷினத் தாங்கிட்டே இருங்க, அப்படியே தலைக்கு எண்ண வெச்சுத் தண்ணி ஊத்தி உட்டர்றோமுங்க."