ஒத்துவராத நாற்பத்தொரு விடைகள்

"மூணு வாரமா நோட்டைக் கொண்டாந்து குடுக்கறேன். ஒரு டிக் கூடப் போடாமத் திருப்பித் தர்றீங்க. இது என்ன நியாயம், டீச்சர்?"

தெய்வநாயகத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். கணிதத் தாளில் தோற்று முப்பது ஆண்டுகளாக முடிக்காமல் விட்ட பட்டத்துக்கு, கடைசியாக ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். வகையீட்டுக்குத் தலைகீழ்க் கணக்கான தொகையீட்டை நூல் வைத்துத் தாமே படித்து வந்தார்.

ஆசிரியை கயற்கண்ணி அவரைவிட இருபது வயது இளையவர். நோட்டை விரித்தார்.

"இவ்வளவு விடையை எதுக்கு அடிச்சிருக்கீங்க, சார்?"

"தப்பு. அதான் அடிச்சேன். புத்தகத்துல கடைசிப் பக்கம் விடை போட்டிருக்கான். நாற்பத்தொரு கணக்கு ஒத்துவரல." அவர் குரல் தடித்தது. "எங்க தப்புன்னு நீங்களாவது காட்டியிருக்கலாம். உங்களுக்கு என்ன, பரீட்சை எனக்குத்தானே."

கயற்கண்ணி ஒரு கேள்வியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். அடிபட்ட விடை மட்டும் வெளியே தெரிந்தது.

"இதை வகையிடுங்க."

"தொகையிட்டு வந்ததைத் திரும்ப வகையிடவா? வந்த வழியே போகச் சொல்றீங்க."

"வகையிடுங்க, சார்."

பேனா தாளைக் கிழித்துவிடும்போல எழுதினார். இரண்டே வரி.

ஆசிரியை கையை எடுத்தார்.

அடியில் இருந்த கேள்வியும் அதுவே.

தெய்வநாயகம் நூலைத் தம் பக்கம் இழுத்தார். அதிலிருந்த விடையையும் வகையிட்டார். அதுவும் அதே கேள்விக்குத்தான் போயிற்று.

"இதுல அதைக் கழிச்சுப் பாருங்க."

கழித்தார். மீந்தது நாலில் ஒன்று, கால். வெறும் மாறிலி; வகையிட்டால் காணாமல் போகும் எண்.

"இந்தக் காலுக்காகவா அடிச்சேன்?" முகம் சிவந்தது. "முதல் வாரமே சொல்லியிருந்தா உங்க வாய்லேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"அடுத்தது, சார்."

இம்முறை மூடிய கை அவருடையது. அவருடைய விடை கேள்விக்கே திரும்பியது. நூலின் விடை திரும்பவில்லை. மறுபடி போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். நூலின் விடையில் ஓரிடத்தில் கூட்டல் இருக்க வேண்டும், கழித்தல் இருந்தது.

"டீச்சர், இது தப்பு."

"எது?"

"அச்சடிச்சது."

"எழுதினவர் பெரிய பேராசிரியர். இது ஆறாம் பதிப்பு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப தப்புன்னு யார் சொல்றது?"

தெய்வநாயகம் பேனாவை எடுத்தார். அச்சிட்ட கழித்தல் குறியின் நடுவே, மேலிருந்து கீழாக, ஒரு கோடு இழுத்தார்.